ராகேலை விரும்பி லேயாளைப் பெற்றவர்: மகா கிரகோரியாரின் தலைமைப் பணி

குருத்துவ ஊழியத்திற்குத் தங்களை ஒப்புக்கொடுக்க முன்வரும் இளைஞரைக் கண்டு பேசும் தேர்வுக் குழுக்களில் நாம் பல ஆண்டுகள் அமர்ந்திருக்கிறோம். இவ்வூழியத்தை ஏன் நாடுகிறீர் என்னும் வினாவிற்கு அவர்களுள் பலர் துணைக்கழைக்கும் வேதபகுதி ஒன்றுண்டு. கண்காணிப்பை விரும்புகிறவன் நல்ல வேலையை விரும்புகிறான் எனப் பவுலடிகள் தீமோத்தேயுவுக்கு எழுதியதே அது (1 தீமோ. 3:1). விடை பிழையற்றது, குழுவினரும் தலையசைத்து அடுத்த வினாவிற்குச் சென்றுவிடுவர். ஆனால் 1400 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியின் பேராயராயிருந்த ஒருவர் இவ்வசனத்தை அவ்வளவு எளிதில் விட்டுவிடவில்லை. பவுல் இதை எழுதிய நாள்களில் சபையின் முன்னணியில் நின்றவனே முதலாவதாகச் சித்திரவதைக்கு இழுத்துச் செல்லப்பட்டான் என்றும், அந்நாளில் அவ்வேலையை விரும்புவது பாடுகளை விரும்புவதாகவே இருந்தது என்றும் அவர் சுட்டிக்காட்டினார். மேன்மையை நாடுகிறவன் இவ்வசனத்தைத் தனக்குச் சான்றாகக் காட்ட முடியாது. அவன் நாடுவது பவுல் புகழ்ந்த வேலையன்று என்பது அவருடைய முடிபு.

இவ்விளக்கத்தைத் தந்தவர் மகா கிரகோரியார். அவர் 590ஆம் ஆண்டு முதல் 604ஆம் ஆண்டு வரை ரோமாபுரிப் பேராயராக இருந்தார். மேய்ப்புப்பணியின் ஒழுங்கைப் பற்றி அவர் எழுதிய நூலிலேயே இவ்விளக்கம் காணப்படுகிறது. சீர்திருத்தச் சபைகளைச் சேர்ந்த நாம் ஒரு போப்பாண்டவரிடம் பாடம் கேட்பதா என்று முகஞ்சுளிப்போர் நம்மிடையே இருக்கலாம். உத்தரிக்கும் ஸ்தலத்தைப் பற்றியும், அற்புதங்களைப் பற்றியும் அவர் எழுதியவற்றை நாம் ஏற்பதற்கில்லை. எனினும், ரோமாபுரியின் அதிகாரத்தை எதிர்த்தெழுதிய கால்வினே இவரை மதித்துப் பலகாலும் மேற்கோள் காட்டியிருக்கிறார். சபைத் தலைமையின் சுமையை இவரைப்போல் வெளிப்படையாக எழுதிவைத்த தலைவர்கள் திருச்சபை வரலாற்றில் மிகச் சிலரே. அவர் எழுதிய கடிதங்களில் ஏறத்தாழ 850 நமக்குக் கிடைத்துள்ளன. நூலில் ஒருவர் தம்மைப் பற்றி எழுதுவது ஒன்று. நிலம், தானியம், வழக்கு, சம்பளம் ஆகியவற்றைப் பற்றி அன்றாடம் எழுதும் கடிதங்களில் அவர் வெளிப்படுவது வேறு. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிரகோரியார் 540ஆம் ஆண்டளவில் ரோமாபுரியின் உயர்குடியொன்றில் பிறந்தார். அவர் பிறந்த காலத்தில், பேரரசர் யுஸ்தினியனின் படைகளுக்கும் கோத்தியருக்கும் இடையே நடந்த போரில் (535–554) இத்தாலியா பாழாகிக்கொண்டிருந்தது. அப்போர் ஓய்ந்து 14 ஆண்டுகளில் லொம்பார்டியர் வடக்கிலிருந்து நாட்டினுள் புகுந்தனர் (568). இளமையிலேயே அரசுப் பணியில் உயர்ந்த கிரகோரியார் 573ஆம் ஆண்டளவில் நகர ஆளுநராகப் பதவி வகித்தார். அப்பதவியைத் துறந்து, செலியன் குன்றின்மீதிருந்த தம் தந்தையின் மாளிகையை ஒரு துறவுமடமாக்கித் தாமும் அங்குத் துறவியருள் ஒருவரானார். சிசிலித் தீவிலிருந்த குடும்ப நிலங்களைக்கொண்டு மேலும் ஆறு மடங்களை நிறுவினார். அம்மடத்தில் வாழ்ந்த சில ஆண்டுகளையே தம் வாழ்வின் இனிய காலமாக அவர் இறுதிவரை எண்ணி ஏங்கினார்.

அவ்வாழ்வு நீடிக்கவில்லை. அவரைத் திருத்தொண்டராக அபிஷேகம் செய்து, 579ஆம் ஆண்டில் கான்ஸ்டான்டிநோபிள் அரசவைக்குத் தூதுவராக அனுப்பினர். தம்மோடு வந்திருந்த துறவியருக்கு அங்கே அவர் யோபின் புத்தகத்தை விளக்கத் தொடங்கினார். அவ்விளக்கம் பின்னர் 35 பகுதிகள் கொண்ட பெருநூலாயிற்று. கிரேக்கத் தலைநகரில் ஏறத்தாழ ஆறாண்டுகள் தங்கியிருந்தும் தமக்குக் கிரேக்கம் தெரியாதென்று பின்னாளில் அவரே எழுதுகிறார். இச்செய்தி நம் மாணவர் சிலருக்கு ஆறுதலாயிருக்கலாம். தேர்வுக்கு முன்தினம் அதை நினைவுகூரவேண்டா.

589ஆம் ஆண்டு நவம்பரில் தைபர் ஆறு பெருக்கெடுத்து நகரினுள் பாய்ந்தது. சபையின் தானியக் கிடங்குகளும் அழிந்தன. வெள்ளத்தைத் தொடர்ந்து கொள்ளைநோய் பரவி, அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பேராயர் இரண்டாம் பெலாகியுவின் உயிரையும் வாங்கியது. குருமாரும் மக்களும் ஒரே மனதாய்க் கிரகோரியாரைத் தெரிந்தெடுத்தனர். அவரோ இத்தேர்தலை உறுதிசெய்ய வேண்டாமென மன்றாடிப் பேரரசர் மவுரிசுக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதம் வழியிலேயே தடுக்கப்பட்டதாகக் காலியா நாட்டுத் தூர் நகரப் பேராயரான மற்றொரு கிரகோரியார் தம் வரலாற்று நூலில் குறித்திருக்கிறார். அரசரின் மறுமொழிக்காகக் காத்திருந்த மாதங்களில் நகர மக்களை ஏழு பிரிவாகப் பிரித்து மனந்திரும்புதலின் பவனிகளை நடத்தினார். அப்பவனியில் ஒரு மணி நேரத்திற்குள் 80 பேர் விழுந்து மடிந்தனர் என்றும், கிரகோரியார் ஜெபத்தை நிறுத்தவில்லை என்றும் அதே வரலாற்றாசிரியர் கூறுகிறார். 590 செப்டம்பர் 3ஆம் நாள் அவர் பேராயராக அபிஷேகம் பெற்றார்.

சில வாரங்கள் சென்றபின் பேரரசரின் சகோதரி தெயோக்திஸ்தாவுக்கு அவர் எழுதிய கடிதம் குறிப்பிடத்தக்கது. யாக்கோபு ராகேலை விரும்பியது போலத் தாம் தியான வாழ்வின் அழகை விரும்பியதாகவும், இரவின் இருளில் எவ்விதமோ லேயாள் தம்மிடம் சேர்க்கப்பட்டதாகவும் அதில் எழுதினார். லேயாள் கூச்சப்பார்வையுடையவள், ஆனால் பிள்ளைகளைப் பெற்றவள், ராகேல் அழகியவள், ஆனால் நெடுநாள் மலடியாயிருந்தவள் (ஆதி. 29). வேலை நிறைந்த வாழ்வு குறைவாகக் காண்கிறது, எனினும் பிள்ளைகளைப் பெற்றெடுக்கிறது என்பதே இவ்வுவமையின் பொருள். பதவியேற்றவுடன் வாழ்த்துக் கடிதங்களுக்குப் பதில் எழுதும் தலைவர், தம் பதவியை ஏமாற்றத்தில் முடிந்த திருமணத்திற்கு ஒப்பிட்டெழுதுவதை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

இது வெறும் பணிவுரை என்று தள்ளிவிடுவோர் உண்டு. பதவியை மறுப்பதுபோல் காட்டி ஏற்பது அக்காலத்துப் பேராயர்களிடையே ஒரு மரபாகவே இருந்தது என்பதும் மெய்யே. ராவென்னா நகரப் பேராயர் எனக் கருதப்படும் யோவான் என்பவர், நீர் ஏன் ஒளிந்துகொள்ளப் பார்த்தீர் என்று அன்புடன் கடிந்துகொண்டதற்கு மறுமொழியாகவே மேய்ப்புப்பணி நூலைக் கிரகோரியார் எழுதினார். நான்கு பகுதிகளைக்கொண்டது அந்நூல். எத்தகையவன் இப்பணிக்கு வரவேண்டும், வந்தவன் எவ்வாறு வாழவேண்டும், அவ்வாறு வாழ்கிறவன் எவ்வாறு போதிக்கவேண்டும், போதிக்கிறவன் நாள்தோறும் தன் பலவீனத்தை எவ்வாறு உணரவேண்டும் என்பன அவை. முதற்பகுதியில் அவர் எழுப்பும் வாதம் சுருக்கென்று தைக்கக்கூடியது. மருந்துகளின் குணம் அறியாதவன் தன்னை வைத்தியன் என்று சொல்லிக்கொள்ள நாணுகிறான். ஆனால் உள்ளத்தின் புண்களை ஆற்றும் வைத்தியனாக வர எவனும் நாணுவதில்லை என்கிறார். உடற்புண்ணைவிட உள்ளத்துப் புண் மறைவானது என்பதை யார் அறியார்?

ஆயினும் அவர் ஒளிந்துகொள்வோரையும் விடவில்லை. வரங்களைப் பெற்றிருந்தும் தன் அமைதியையே நாடிப் பணியை மறுப்பவன், தன் வரத்தால் எத்தனை பேருக்கு உதவியிருக்கக் கூடுமோ அத்தனை பேருக்கும் குற்றவாளியாகிறான் என்பது அவர் துணிபு. இவ்விரு கூற்றுகளையும் இணைக்க அவர் இரு தீர்க்கதரிசிகளை அருகருகே நிறுத்துகிறார். ஏசாயா தன்னை அனுப்பும்படி தானே முன்வந்தார்; எரேமியா தனக்குப் பேசத் தெரியாதென்று பின்வாங்கினார். ஒருவர் அயலானிடத்துக் கொண்ட அன்பினால் முன்வந்தார். மற்றவர் தேவனிடத்துக் கொண்ட அன்பினால் தயங்கினார். முன்வந்தவர் முதலில் பலிபீடத்து நெருப்புத்தழலால் சுத்திகரிக்கப்பட்டார்; தயங்கியவர் இறுதிவரை பிடிவாதமாய் மறுக்கவில்லை. தேர்வுக் குழுவில் அமர்கையில் எம் நினைவுக்கு வருவது இப்பகுதியே. தயங்காது விடையளிப்பவனிடம் ஏசாயாவின் தழலைத் தேடுகிறோம். தயங்குகிறவனிடம் எரேமியாவின் கீழ்ப்படிதலைத் தேடுகிறோம். இரண்டும் காணப்படாதபோது என்செய்வது என்பதை எந்த நூலும் எமக்குக் கற்பிக்கவில்லை.

இனி அவர் கடிதங்களுக்கு வருவோம். ரோமாபுரிச் சபைக்கு இத்தாலியாவின் பல பகுதிகளிலும் சிசிலி, சார்டினியா முதலிய தீவுகளிலும் பரந்த நிலங்கள் இருந்தன. சிசிலியின் கோதுமை கப்பலேறி வராவிடில் ரோமாபுரியின் ஏழைகளுக்கு உணவில்லை. ஆதலால் புதிய பேராயரின் தொடக்கக் கடிதங்களுள் பல, சிசிலி நிலங்களின் மேலாளராக அவர் அனுப்பிய பேதுரு என்ற உதவித் திருத்தொண்டருக்கு எழுதப்பட்டவை. 591ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் உழவர்களிடம் நடைபெறும் கொடுமைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி நீக்குகிறார். தானியம் அளக்கும் மரக்கால் அளவில் பெரிதாக்கப்பட்டிருந்ததைத் தடைசெய்கிறார். கள்ள எடைக்கற்களை உடைத்துவிடச் சொல்கிறார். உழவர் வீட்டுத் திருமணத்திற்குச் சபை வாங்கிய கட்டணம் ஒரு பொற்காசுக்கு மேற்படலாகாது என்றும், ஏழைகளாயின் அதனினும் குறையவேண்டும் என்றும் கட்டளையிடுகிறார். இறுதியில் அவர் சேர்த்த ஒரு வரியே நம்மை வியப்பிலாழ்த்துகிறது. இக்கடிதத்தை எல்லாப் பண்ணைகளிலும் உழவர் கேட்க உரக்க வாசிக்கவேண்டும். அதனால் தங்களுக்கெதிரான கொடுமையைத் தடுக்க அவர்கள் அறிந்துகொள்வார்கள் என்கிறார். தம் அதிகாரியையே முற்றிலும் நம்பாமல், அவரால் பாதிக்கப்படக் கூடியவர்களின் கையில் தம் கட்டளையைக் கொடுத்துவைத்த நிர்வாகி அவர். நம் சபைகளின் சுற்றறிக்கைகள் எத்தனை, கடைநிலை ஊழியரின் காதுக்கு எட்டுகின்றன என்பதை வாசகரே எண்ணிப்பார்க்கலாம்.

அதே பேதுருவுக்கு எழுதிய வேறொரு கடிதத்தில், தமக்கென அனுப்பப்பட்ட விலங்குகளைப் பற்றி ஒரு குறிப்பு வருகிறது. ஒரு மட்டமான குதிரையும் ஐந்து நல்ல கழுதைகளும் வந்தன. குதிரை மட்டமானதாகையால் ஏறமுடியவில்லை, கழுதைகள் நல்லவையேயாயினும் கழுதைகளாகையால் ஏறமுடியவில்லை என்று எழுதுகிறார். சுமையின் நடுவே சிரிக்கத் தெரிந்தவர் என்பதை அறிகையில் அவர்மீது நமக்கு அன்பு மிகுகிறது.

ஏழைகளுக்கு மாதந்தோறும் வழங்கிய பொருள்களுக்கு அவர் முறையான பதிவேடு வைத்திருந்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் அவர் வரலாற்றை எழுதிய திருத்தொண்டர் யோவான் அப்பதிவேட்டைப் பற்றிக் கூறுகிறார். நகரின் ஒதுக்குப்புறத்தில் ஏழை ஒருவன் இறந்து கிடந்தான் எனக் கேட்ட கிரகோரியார், அவனைத் தாமே கொன்றதுபோல் கருதி, சில நாள் திருவிருந்து ஆசரிக்காமல் ஒதுங்கியிருந்தார் என்ற செய்தியும் அவர் வழியாகவே வருகிறது. 200 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் எழுதப்பட்டதாகையால் அதை நாம் எச்சரிக்கையுடனேயே கொள்ளவேண்டும். எனினும் மேற்கண்ட கடிதங்களை எழுதியவர் அவ்வாறு செய்திருப்பார் என நம்புவதில் தடையொன்றுமில்லை.

பேராயர்களோடு பட்ட பாடு தனி. சலோனா நகரப் பேராயர் நத்தாலி விருந்துப் பிரியர். தம் வழியிலிருந்து தலைமைத் திருத்தொண்டரை அகற்ற எண்ணி, விரும்பாத அவரைக் குருவாகப் பதவி உயர்த்த முயன்றார். உயர்த்திவிட்டால் அவர் வகித்த பொறுப்பு வேண்டியவர் கைக்கு வந்துவிடுமன்றோ! பதவி உயர்வைத் தண்டனையாகப் பயன்படுத்தும் கலை நம் காலத்தில் பிறந்ததன்று என்பதை இதனால் அறிகிறோம். விருந்துகளைப் பற்றிக் கிரகோரியார் கடிந்துகொண்டபோது, ஆபிரகாமும் விருந்திட்டாரே என்று நத்தாலி வேத ஆதாரம் காட்டினார். தேவதூதர்களுக்கே நீர் விருந்திடுகிறீர் என்று அறிந்தால் நாமும் குறைகூற மாட்டோம் என்பது கிரகோரியாரின் மறுமொழி.

சார்டினியாவின் காலியரி நகரப் பேராயர் ஜனுவாரியுவின் செய்தி இதனினும் வருந்தத்தக்கது. அம்முதியவர் ஒரு ஞாயிறன்று திருவிருந்து ஆராதனைக்கு முன் சென்று, அயலான் ஒருவனுடைய விளைந்த பயிரை உழுது அழித்தார். ஆராதனை முடிந்தபின் திரும்பச் சென்று எல்லைக்கற்களையும் பிடுங்கினார். இதைக் கேள்வியுற்ற கிரகோரியார் கடுமையாக எழுதினார். ஆனால் நரைத்த தலையை முன்னிட்டுத் தண்டிக்காமல் விட்டு, அவருக்குத் துர்ஆலோசனை கூறியவர்களை இரண்டு மாதம் சபைக்குப் புறம்பாக்கினார். இம்முடிவு சரிதானா? எம் வகுப்பில் இதை விவாதத்திற்கு வைத்தபோது மாணவர் பாதிக்குப் பாதியாகப் பிரிந்தனர். பயிரை இழந்தவன் பக்கம் நின்று பார்த்தால், தலைமை தலைமையைக் காப்பாற்றிக்கொண்டது என்றே தோன்றும். எம் கருத்தும் அதுவே. அதே ஜனுவாரியு கல்லறைக்கு இடம் தரக் காசு கேட்டதாகவும் முறையீடு வந்தது. கடிதங்கள் ஆண்டுக்கணக்கில் சென்றுகொண்டேயிருந்தன. அவர் மாறியதாகத் தெரியவில்லை. முதியவரிடம் இரக்கம் காட்டுவதென்பது சில வேளைகளில், அவர் கையில் அகப்பட்ட எளியவரிடம் இரக்கமின்மையாக முடிகிறது.

இதற்கிடையே லொம்பார்டியர் நகர வாயிலை நெருங்கினர். 593ஆம் ஆண்டில் அரசன் அகிலுல்ப் ரோமாபுரியை முற்றுகையிட்டான். அக்காலத்தில் கிரகோரியார் மக்களுக்கு எசேக்கியேல் புத்தகத்தை விளக்கிப் பிரசங்கித்துக்கொண்டிருந்தார். கைகள் வெட்டப்பட்டவர்களாய்ச் சிலர் திரும்பி வருகையில், சிலர் சிறைப்பட்டனர், சிலர் மாண்டனர் என்று செய்தி வருகையில் தம்மால் தொடரமுடியவில்லை என்று கூறி அவ்விளக்கத்தை நிறுத்திவிட்டார். ரோமர்கள் நாய்களைப்போல் கழுத்தில் கயிறு கட்டப்பட்டு விற்பனைக்குக் கொண்டுசெல்லப்படுவதைத் தம் கண்ணால் கண்டதாக 595ஆம் ஆண்டில் பேரரசருக்கு எழுதுகிறார். பேரரசின் படை வரவில்லை. பேராயரே வீரருக்குச் சம்பளம் கிடைக்க வழிதேடினார். சபைப் பணத்தைக் கொடுத்துச் சிறைப்பட்டோரை மீட்டார். பகைவனுக்கும் பொருள் கொடுத்து நகரைக் காத்தார். சமாதானம் பேச முயன்றார். அம்முயற்சிக்காகப் பேரரசர் அவரைப் பேதை என்று ஏளனம் செய்தார்.

எசேக்கியேல் விளக்கத்தின் ஒரு பிரசங்கத்தில், ஜாமக்காரனைப் பற்றிய வசனத்திற்கு வந்தபோது (எசே. 3:17) அவர் பேச்சு தடைப்படுகிறது. மடத்திலிருந்தபோது வீண்பேச்சிலிருந்து நாவைக் காத்து மனத்தை ஜெபத்தில் நிறுத்த முடிந்தது. இப்பொழுதோ சபைகளின் வழக்குகள், மடங்களின் வழக்குகள், குடிமக்களின் காரியங்கள், வாளேந்திய பகைவர் எனச் சிதறிக்கிடக்கும் மனத்தால் எப்படித் தியானிப்பேன் என்கிறார். உலக மனிதரோடு பழகிப் பழகி முதலில் வேண்டாவெறுப்பாய்க் கேட்ட வீண்பேச்சைப் பின்னர் விருப்பத்தோடு பேசலானேன் என்றும் மக்கள் முன்னிலையில் அறிக்கையிடுகிறார். மலையுச்சியில் நிற்கவேண்டிய ஜாமக்காரன் தான் பள்ளத்தாக்கில் கிடப்பதாக ஒப்புக்கொள்கிறான்.

இப்பகுதியை முதன்முறை படித்தபோது எம் வாழ்வின் ஓராண்டு நினைவுக்கு வந்தது. ஒரு சேகரத்தில் பணியாற்றிய நாள்களில் சபை நிலமொன்றைப் பற்றிய வழக்கு நீதிமன்றத்திலிருந்தது. வாரத்தில் மூன்று நாள் வழக்கறிஞர் வீட்டுத் திண்ணையிலும் தாலுகா அலுவலக வாசலிலும் கழிந்தன. சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கே வேதத்தைத் திறந்தோம். நோயுற்றிருந்த ஒரு மூதாட்டியைக் காணச் செல்லாமல் மூன்று வாரம் தள்ளிப்போட்டு, நான்காம் வாரம் அடக்க ஆராதனைக்குச் சென்றோம். வழக்கு நம் பக்கம் தீர்ந்தது. கமிட்டியார் மாலையிட்டனர். அம்மூதாட்டியின் மகன் அன்று வந்திருந்தார், எதுவும் சொல்லவில்லை.

ஆகவே நிர்வாகத்தை உதறிவிட்டு ஜெபத்தில் அமர்வதே வழி என்று முடிவுசெய்யலாமா? அவ்வாறு எண்ணுவோர் கிரகோரியாரை அரைகுறையாய்ப் படித்தவர்களே. மேய்ப்புப்பணி நூலின் இரண்டாம் பகுதியில், வெளிவேலையின் மிகுதியால் உள்ளான கவனத்தைக் குறைக்காமலும் உள்ளான கவனத்தின் மிகுதியால் வெளிவேலையை விட்டுவிடாமலும் இருக்கவேண்டும் என்று எழுதுகிறார். மோசே அடிக்கடி கூடாரத்தினுள் சென்று தியானித்தார். வெளியே வந்து பலவீனரின் காரியங்களைச் சுமந்தார். ஐயம் எழுந்தபோது மீண்டும் உள்ளே சென்றார். இதை ஏட்டளவில் மட்டும் அவர் வைத்திருக்கவில்லை என்பதற்கு ராவென்னா நகரச் செய்தி சான்றாகும்.

595ஆம் ஆண்டில் ராவென்னாப் பேராயர் யோவான் காலமானார். அவ்விடத்திற்குக் கிரகோரியார் அனுப்பியவர் மரினியானு. இவர் தம் சொந்த மடத்துத் துறவி. தம்மோடு நெடுநாள் வாழ்ந்த நண்பர். ஆனால் மரினியானு அங்கே சென்றபின்னும் துறவியாகவே இருந்துவிட்டார். வாசிப்பும் ஜெபமும் உண்டு; ஏழை வந்தால் கை நீளவில்லை. அடுத்த ஆண்டில் கிரகோரியார் வேறொருவர் வழியாக அவருக்குச் சொல்லியனுப்பிய செய்தி கடுமையானது. இடத்தோடு மனத்தையும் அவர் மாற்றிக்கொள்ளவேண்டும்; தனித்திருந்து ஜெபிப்பதும் வாசிப்பதும் மட்டும் போதுமென்று எண்ணவேண்டா; கொடுக்கும் கை அவருக்கு வேண்டும்; பிறர் வறுமையைத் தம் வறுமையாக எண்ணவேண்டும்; இவை இல்லாவிடில் பேராயர் என்னும் வெறும் பெயரையே அவர் சுமக்கிறார் என்று எழுதினார். எந்த அமைதிக்காகக் கிரகோரியார் தாமே நாள்தோறும் ஏங்கினாரோ, அதே அமைதியில் தம் நண்பர் தங்கிவிட்டதை அவரால் பொறுக்க முடியவில்லை. சிறிது பொறாமையும் அதில் கலந்திருக்கலாம் என்று நாம் நினைத்தால் தவறாகாது.

இவ்வளவும் கூறியபின், அவர் தவறியவிடங்களை மறைப்பது வரலாற்றுக்குத் துரோகமாகும். யூதரின் ஜெபாலயங்களை வன்முறையாகப் பறிக்கலாகாது என்று அவர் பலமுறை கட்டளையிட்டார். காலியரியில் புதிதாய் ஞானஸ்நானம் பெற்ற ஒருவன் மறுநாளே ஜெபாலயத்தினுள் புகுந்து சிலுவையையும் படத்தையும் வைத்தபோது, அவற்றை எடுத்துவிட்டு இடத்தைத் திரும்பக் கொடுக்கும்படி 599ஆம் ஆண்டில் எழுதினார். ஆனால் சபை நிலங்களில் குடியிருந்த யூதருக்கு மதம் மாறினால் வரி குறைக்கலாமென்று ஆசைகாட்டச் சொன்னவரும் அவரே. சார்டினியாவின் விக்கிரக ஆராதனைக்காரரான உழவர் மனந்திரும்ப மறுத்தால், தாங்கமுடியாத அளவு வாரத்தை ஏற்றி அவர்களை நேர்வழிக்கு வரச்செய்யவேண்டும் என்றார். பின்னொரு கடிதத்தில் அடிமைகளை அடிக்கவும் சுயாதீனரைச் சிறையிலடைக்கவும் சொன்னார். கள்ள மரக்காலை உடைக்கச் சொன்ன அதே கை இதையும் எழுதியது. நிலவுடைமையும் மேய்ப்பும் ஒரே கையில் இருந்தால், அக்கை எத்தனை நல்லதாயினும், ஒருநாள் இதைத்தான் எழுதும் என்று அஞ்சுகிறோம். பள்ளி, மருத்துவமனை, வேலைவாய்ப்பு ஆகியவற்றைக் கையில் வைத்திருக்கும் நம் பேராயங்கள் இப்பகுதியை மும்முறை படிக்கவேண்டும்.

மற்றொன்று, 602ஆம் ஆண்டு நவம்பரில் நிகழ்ந்த ஆட்சிக் கவிழ்ப்பையொட்டியது. போக்காஸ் என்னும் படைத்தலைவன் பேரரசர் மவுரிசையும் அவர்தம் ஐந்து புதல்வரையும் கொன்று அரியணை ஏறினான். மவுரிசோடு கிரகோரியாருக்குக் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆயினும் மவுரிசின் குடும்பத்தோடு நெடுநாள் நட்பும் இருந்தது. புதிய பேரரசனுக்கு அவர் எழுதிய வாழ்த்துக் கடிதம் உன்னதத்தில் தேவனுக்கு மகிமை என்னும் துதியோடு தொடங்குகிறது. செய்திகள் முழுமையாய் எட்டவில்லை என்றும், நகரின் பாதுகாப்பை எண்ணியே எழுதினார் என்றும் சமாதானம் கூறுவோர் உண்டு. எமக்கு அச்சமாதானங்கள் நிறைவளிக்கவில்லை. ஆட்சியாளர் மாறும்போதெல்லாம் பொன்னாடையோடு முன்வரிசையில் நிற்கும் சபைத் தலைவர்களைக் கண்டு நகைக்குமுன், மகா கிரகோரியாரே இங்குத் தவறினார் என்பதை நாம் நினைவில் கொள்ளவேண்டும்.

பட்டங்களைப் பற்றிய அவர் கருத்து பலரும் அறிந்ததே. கான்ஸ்டான்டிநோபிள் முதற்பேராயர் யோவான் உலகளாவிய என்னும் அடைமொழியைத் தமக்குச் சூட்டிக்கொண்டதை அவர் வன்மையாய் எதிர்த்தார். அலெக்சாந்திரியாவின் யூலோகியு அதே அடைமொழியை மரியாதையாக இவருக்கே சூட்டியபோது, 598ஆம் ஆண்டில் அதையும் மறுத்து, என் சகோதரரின் மேன்மை குறைவதால் எனக்கு மேன்மை வரவேண்டா என்ற பொருளில் எழுதினார். தேவனுடைய ஊழியரின் ஊழியன் என்றே கையொப்பமிட்டார். பிற்காலத்தில் அத்தொடரும் ஒரு பட்டமாகிவிட்டது வேறு செய்தி. 596ஆம் ஆண்டில் தம் மடத்துத் துறவி அகுஸ்தீனையும் தோழரையும் இங்கிலாந்துக்கு அனுப்பியதும் யாவரும் அறிந்ததாகையால் அதை ஈண்டு விரிக்கவில்லை. அந்நாட்டு மன்னர் ஆல்பிரெட், ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மேய்ப்புப்பணி நூலைத் தம் மக்கள் மொழியில் பெயர்த்தார் என்பது மட்டும் இங்குக் குறிக்கத்தக்கது.

அந்நூலின் நான்காம் பகுதி ஒரே அதிகாரம். நன்றாகப் பிரசங்கித்தவனுக்கு அப்பிரசங்கமே கண்ணியாகக் கூடும் என்று எச்சரிக்கிறது. இறுதியில் ஆசிரியர் தம்மைப் பற்றிப் பேசுகிறார். அழகிய மனிதன் ஒருவனை வரைந்து காட்டிய அவலட்சணமான ஓவியன் தான் என்றும், பிறரைக் கரைக்கு வழிகாட்டும் தான் இன்னும் அலைகளில் தத்தளிப்பதாகவும் கூறி, தம்மைத் தாங்கும் பலகையாக யோவானின் ஜெபத்தைக் கேட்கிறார்.

கடைசி ஆண்டுகளில் மூட்டுவலி அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. ஏறத்தாழ இரண்டாண்டுகளாகப் படுக்கையிலிருப்பதாகவும், திருநாள்களில் மூன்று மணி நேரம் எழுந்து ஆராதனை நடத்துவதே அரிதாயிருப்பதாகவும் 600ஆம் ஆண்டில் யூலோகியுவுக்கு எழுதினார். கடிதங்கள் நிற்கவில்லை. 601ஆம் ஆண்டு பிப்ரவரியில், ராவென்னாவில் மரினியானு இரத்தம் கக்குகிறார் என்ற செய்தி வந்தது. கிரகோரியார் நகர வைத்தியரைத் தனித்தனியே கலந்து, ஒவ்வொருவர் கூறியதையும் எழுதி அனுப்பினார். அவர்கள் யாவரும் ஓய்வும் மௌனமும் வேண்டுமென்றனர். அவை ராவென்னாவில் கிடைக்குமா என்பது ஐயம். ஆகவே கோடை தொடங்குமுன் ரோமாபுரிக்கு வந்து தம்மோடு தங்கும்படி அழைத்தார். தாமே உடனிருந்து பராமரிப்பதாகச் சொன்னார். இனி ஆண்டில் ஐந்து முறைக்கு மேல் உபவாசிக்கவேண்டா என்று கட்டளையிட்டார். தாமும் சாவை நெருங்கியிருப்பதாகவும், தேவன் யாரை முதலில் அழைத்தாலும் மற்றவர் கைகளில் உயிர் பிரியட்டும் என்றும் அக்கடிதத்தில் எழுதியிருக்கிறார். மூன்றாண்டுகள் சென்று, 604 மார்ச் 12ஆம் நாள், அவர் ரோமாபுரியில் காலமானார்.